ஏரிக்கு முந்தைய ஹேசல் கிரீக்: பழைய நிலத்தோற்ற வரைபடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு ஓரத்தில், அப்பலாச்சிய மலைகளின் ஒரு பகுதியான ஸ்மோக்கி மலைத்தொடர் இருக்கிறது. அதன் தெற்குச் சரிவில் ஹேசல் கிரீக் என்ற ஓடை இறங்கி வருகிறது. அதன் கரையில் ஒரு காலத்தில் பிராக்டர் என்ற ஊர் இருந்தது. இன்று அங்கே போக வேண்டுமென்றால் ஃபோன்டானா ஏரியைப் படகில் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டு வழியே வெகுதூரம் நடக்க வேண்டும். ஊர் இருந்த இடத்தில் ஒரு பழைய மரவீடு நிற்கிறது. மற்றபடி அஸ்திவாரக் கற்களும் புகைபோக்கிகளின் மிச்சமும்தான். அந்த ஊர் எங்கே எப்படி அமைந்திருந்தது என்று தெரிந்துகொள்ளப் பழைய நிலத்தோற்ற வரைபடங்களைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். அவற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

நிலத்தோற்ற வரைபடம் என்றால் என்ன? சாலை வரைபடத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது நிலத்தோற்ற வரைபடம். பள்ளிப் புவியியலில் படித்த சமஉயரக் கோடுகள்தான் இதன் உயிர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைக்கும் கோடு அது. கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, விலகி இருந்தால் சமவெளி.

மலைநாட்டுக்கு இன்னொரு விதி தெரிந்திருக்க வேண்டும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடுகள் கூர்முனையாக வளையும், அந்த முனை ஓடை பிறக்கும் மேட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முனை தாழ்வான பக்கம் நீண்டிருந்தால் அது மலையின் தோள், அங்கே ஓடை இராது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் ஹேசல் கிரீக் தாளில் பாதி புரிந்த மாதிரி. அங்கே வீடும் வயலும் பாதையும் ஓடையைத் தொட்டே இருந்தன, மேலே எல்லாம் காடு.

ஹேசல் கிரீக்குக்கு எந்தெந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை, சுருக்கமாக யுஎஸ்ஜிஎஸ், 1879-ல் தொடங்கியது. அதன் இரண்டாவது இயக்குநர் ஜான் வெஸ்லி பவல் காலத்தில், 1880-களில், நாடு முழுவதற்கும் நிலத்தோற்றத் தாள்கள் வரையும் வேலை ஆரம்பமானது. அப்பலாச்சிய மலைகளுக்கு முதலில் வந்தவை 1:125,000 அளவைத் தாள்கள். ஒவ்வொன்றும் அட்சத்தில் அரை டிகிரி, தீர்க்கத்தில் அரை டிகிரி. ஒரு தாளில் ஏறக்குறைய 1,000 சதுர மைல் அடங்கும், தாளில் ஓர் அங்குலம் நிலத்தில் சுமார் 2 மைல்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, முதலில் தேடுகிற எல்லோரும் இதில் தடுமாறுகிறார்கள். தாள்களின் எல்லை 35 டிகிரி 30 நிமிட அட்சக் கோட்டில் விழுகிறது. அந்தக் கோடு ஹேசல் கிரீக் பள்ளத்தாக்கையே குறுக்கே வெட்டுகிறது. பிராக்டர் ஊரும் ஓடையின் கீழ்ப்பகுதியும் நாந்தஹாலா தாளில். ஓடை பிறக்கும் மேல்மலை நாக்ஸ்வில் தாளில், டென்னசியின் பெரிய நகரம் ஒன்றின் பெயருக்குக் கீழே. ஒரே ஓடையின் மக்கள், இரண்டு தாள்கள். இரண்டையும் எடுத்து விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பாருங்கள். இந்தத் தாள்களையே அடித்தளமாக வைத்து ஆர்தர் கீத் என்ற நிலவியலாளர் பாறை வகைகளைக் குறித்தார். அவருடைய நாக்ஸ்வில் தொகுப்பு 1895-லும் நாந்தஹாலா தொகுப்பு 1907-லும் வெளிவந்தன.

அடுத்த தலைமுறை 1930-களில் வந்தது. ஸ்மோக்கி மலை தேசியப் பூங்கா 1934-ல் அமைந்தது. அதே காலத்தில், 1933-ல் உருவான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், அதாவது டிவிஏ, விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு யுஎஸ்ஜிஎஸ்ஸுடன் சேர்ந்து 1:24,000 அளவையில் தாள்கள் தயாரித்தது. இந்த அளவையில் ஓர் அங்குலம் 2,000 அடிதான். தாள் சிறிய பரப்பையே காட்டும் என்பதால் பெயர்களும் மாறிவிட்டன. பிராக்டர் இருந்த இடம் டஸ்கீகி என்ற தாளில் இருக்கிறது. மேற்கே ஃபோன்டானா டேம், கிழக்கே நோலண்ட் கிரீக், வடக்கே தண்டர்ஹெட் மவுன்டன், சைலர்ஸ் பால்ட் ஆகிய தாள்கள் சூழ்ந்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் எப்படி வரைந்தார்கள்? எவ்வளவு தூரம் நம்பலாம்?

மலையுச்சிகளில் முக்கோண அளவாய்வுப் புள்ளிகளை நிறுவிக்கொள்வார்கள். பிறகு முக்காலியில் பொருத்திய வரைபலகையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, அதன் மேல் வைத்த தொலைநோக்கிக் கருவியால் தூரத்து உச்சிகளைக் குறிபார்த்துக் கோடு இழுப்பார்கள். இரண்டு மூன்று இடங்களிலிருந்து இழுத்த கோடுகள் வெட்டும் இடம்தான் அந்த உச்சி. சாய்கோணத்தை வைத்து உயரம் கணக்கிடுவார்கள். மற்ற சரிவுகளை எதிரே பார்த்துக்கொண்டே கையால் வரைவார்கள். பாதைகளின் நீளத்துக்கு வண்டிச் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுவார்கள்.

ஸ்மோக்கி மலையில் இது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். உச்சிகள் பெரும்பாலும் அடர்ந்த காடு, ஏறி நின்றாலும் மரத்தைத் தவிர எதுவும் தெரியாது. 'பால்ட்' என்று மலைக்காரர்கள் சொல்லும் புல்வெளி உச்சிகளில்தான் நாலா திசையும் திறக்கும். அதனால் முதல் தாள்களில் பால்ட்களிலிருந்து தெரிந்த மலைமுகடுகள் நன்றாக இருக்கும், அளவையாளர் நடந்து போன பள்ளத்தாக்குப் பாதையும் ஓரளவு சரியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிற்றோடைகளின் வளைவுகளை அப்படியே நம்பாதீர்கள். 100 அடிக்கு ஒரு கோடுதான் போட்டிருக்கிறார்கள், 80 அடிக் குன்று ஒன்று இருந்தால் தாளில் தெரியாமலே போகலாம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாதையே இல்லாத மலையில், பலகையையும் கருவியையும் சுமந்து நடந்த மனிதர்களின் வேலை அது. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அந்தப் பழுப்புக் கோடுகளின் அழகை இன்றைய கணினித் தாள்களில் நான் பார்த்ததில்லை.

நிறங்களுக்கு என்ன பொருள்?

முதல் தாள்களில் மூன்று நிறம்தான். சமஉயரக் கோடு பழுப்பு, தண்ணீர் நீலம், மனிதர் கட்டியதும் பெயர்களும் கருப்பு. காட்டைக் காட்டும் பச்சை பிறகு வந்தது. ஆகவே 1900-ஐ ஒட்டிய தாளில் வெள்ளையாக இருக்கும் இடத்தைப் பார்த்து 'காட்டை அழித்துவிட்டார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள். பிற்காலத் தாள்களில் ஊதா நிறம் தெரிந்தால், அந்த மாற்றம் விமானப்படத்தைப் பார்த்துச் சேர்த்தது, நேரில் போய்ச் சரிபார்க்காதது என்று அர்த்தம்.

ஒரே தாளில் நாலைந்து ஆண்டுகள் போட்டிருக்கிறதே, எதை எடுத்துக்கொள்வது?

அளவாய்வு நடந்த ஆண்டைத்தான். பதிப்பு ஆண்டு, திருத்திய ஆண்டு, மறு அச்சு ஆண்டு எல்லாம் வேறு வேறு. செம்புத் தகடு இருக்கும்வரை ஒரே தாளைப் பல பத்தாண்டுகள் மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். 1930-களில் அச்சான தாளில் நீங்கள் பார்ப்பது 1890-களின் சாலையாக இருக்கலாம். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தாத்தா பிறந்த ஆண்டு அச்சான தாள் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தையும் படித்துவிடுங்கள்.

கருப்புப் புள்ளி வீடு என்கிறார்கள். யாருடைய வீடு என்று தெரியுமா?

தெரியாது. யுஎஸ்ஜிஎஸ் தாள்களில் வீட்டுக்காரர் பெயர் போடும் வழக்கம் இல்லை. நிலப் பத்திரமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குடும்பப் பட்டியலும் வைத்திருந்தால், பத்திரத்தில் வரும் ஓடைப் பெயரையும் மலைமுகட்டையும் தாளில் கண்டுபிடித்து, புள்ளியை ஓரளவு ஊகிக்கலாம். அப்பலாச்சிய நிலப் பத்திரங்கள் 'ஓடை முனையிலிருந்து முகடு வரை, முகட்டின் மேலேயே இடைவெளி வரை' என்ற போக்கில்தான் எல்லை சொல்லும், அதனால் தாளும் பத்திரமும் நன்றாகப் பேசிக்கொள்ளும்.

1:24,000 தாள்களில் குடியிருக்கும் வீடு முழுக் கருப்புச் சதுரம். களஞ்சியம் போன்றவை உள்ளே வெறுமையான சதுரம். பள்ளிக்குச் சிறு கொடி, தேவாலயத்துக்குச் சிலுவை. ஆனால் 1:125,000 தாளில் புள்ளி இல்லை என்பதால் வீடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாதையிலிருந்து விலகி, ஹாலோ என்று அவர்கள் சொல்லும் ஒடுங்கிய பள்ளத்துக்குள் இருந்த வீடு அளவையாளர் கண்ணில் படாமல் போயிருக்கும்.

பிராக்டரில் மர ஆலையும் ரயிலும் இருந்தன என்கிறார்கள். தாளில் காணவில்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரிட்டர் லம்பர் கம்பெனி 1910-ஐ ஒட்டி ஹேசல் கிரீக்குக்கு வந்தது. ஓடை நெடுக ரயில் பாதை போட்டது. ஆலை, கடை, தொழிலாளர் வீடுகள், சினிமாக் கொட்டகை என்று பிராக்டர் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரானது. வெட்ட மரம் தீர்ந்ததும் 1928-ல் கம்பெனி கிளம்பிவிட்டது, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனது.

இப்போது தாள்களின் காலத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். நாந்தஹாலா தொகுப்பு 1907. டிவிஏ தாள்களுக்கான விமானப்படங்கள் 1930-களில். அந்த ஊர் செழித்திருந்த 18 ஆண்டுகளும் இரண்டு பெரிய அளவாய்வுகளுக்கு நடுவில் போய்விட்டன. முதல் தாளில் ரயில் இன்னும் வரவில்லை, அடுத்ததில் ரயில் போய்விட்டது.

ஆனால் தடம் இருக்கிறது. பிற்காலத் தாளில் ஹேசல் கிரீக்கை ஒட்டிச் செல்லும் பாதையைப் பாருங்கள். கழுதைப் பாதை மாதிரி குறுக்கே ஏறாமல், சமஉயரக் கோடுகளை மெல்ல மெல்லக் கடந்து, ஒரே சீரான ஏற்றத்தில் போகும். ரயிலுக்காக வெட்டிய தடம்தான் அப்படி இருக்கும். இன்று பூங்காவில் ஹேசல் கிரீக் நடைபாதையாக இருப்பது அதுவே.

ஏரி வந்தபோது என்ன நடந்தது? வரைபடத்தில் அது எப்படித் தெரிகிறது?

இரண்டாம் உலகப் போருக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும் என்று 1942 ஜனவரியில் டிவிஏ லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே ஃபோன்டானா அணையைக் கட்டத் தொடங்கியது. இரவும் பகலும் வேலை நடந்து 1944 நவம்பரில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. அணையின் உயரம் 480 அடி. 1,311 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, 1,047 கல்லறைகளை இடம் மாற்றினார்கள். ஃபோன்டானா, புஷ்னெல், ஜட்சன், ஃபோர்னி ஆகிய ஊர்கள் நீருக்கடியில் போயின.

பிராக்டரின் கதி வேறு. ஊரின் பெரும்பகுதி மூழ்கவில்லை. மூழ்கியது அதற்குப் போகும் சாலை, வட கரோலினா நெடுஞ்சாலை 288. போர்க்காலத்தில் புதிய சாலை போட முடியாது என்பதால், வடகரை நிலம் முழுவதையும் வாங்கி மக்களை வெளியேற்றினார்கள். அப்படி வாங்கிய 44,000 ஏக்கர் அளவிலான நிலம் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. போர் முடிந்ததும் சாலையைத் திரும்பப் போட்டுத் தருவதாக 1943-ல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. டிவிஏ, தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் மத்திய உள்துறை, வட கரோலினா மாநிலம், ஸ்வெயின் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) ஆகிய நான்கு தரப்பும் அதில் உண்டு.

இதைத் தாள்களில் வரிசையாகப் பார்க்கலாம். அணைக்கு முந்தைய தாளில் லிட்டில் டென்னசி ஒரு மெல்லிய நீலக் கோடு, அதன் கரையோடு சாலை, ரயில், ஊர்ப்பெயர்கள். அடுத்த பதிப்பில் அதே இடத்தில் விரல்களை விரித்த கைபோல நீலப் பரப்பு. ஒவ்வொரு விரலும் ஓர் ஓடையின் முகத்துவாரம். வடகரையில் கருப்புச் சதுரங்கள் இல்லை, பாதை பாதியில் நீருக்குள் இறங்கி நின்றுவிடுகிறது. பின்னாளைய தாள்களில் பிரைசன் சிட்டி என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒரு சாலை புறப்படும், சில மைல் போய், ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டியதும் நின்றுவிடும். வாக்களித்த சாலையில் போட்டது அவ்வளவுதான். வெட்டிய பாறையிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுக்கும் என்ற காரணத்தால் 1970-களில் வேலை நின்றுபோனது. ஊர் மக்கள் அதை 'எங்கும் போகாத சாலை' என்கிறார்கள். சாலைக்குப் பதிலாக ஸ்வெயின் கவுன்ட்டிக்கு 5.2 கோடி டாலர் தருவதாக 2010-ல் முடிவானது, மீதித் தொகை 2018-ல்தான் வந்து சேர்ந்தது. பணம் வந்தது, ஆனால் வீட்டை விட்டுப் போனவர்களுக்குச் சொன்னது சாலை. இரண்டும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டங்களைத் தாளில் கண்டுபிடிக்க முடியுமா?

பெரியவற்றை முடியும். சிறு சிலுவையோ, செம் (Cem, கல்லறைத் தோட்டத்துக்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்) என்ற எழுத்தோ இருக்கும். அநேகமாக மலைத்தோளின் நுனியில், ஓடையிலிருந்து சற்று உயரத்தில் தேடுங்கள். வெள்ளம் ஏறாத, உழ உதவாத இடத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஏரி எட்டாத உயரத்தில் இருந்ததால் வடகரையில் இருபதுக்கும் மேற்பட்ட கல்லறைத் தோட்டங்கள் இடம் மாறாமல் அங்கேயே இருக்கின்றன. கோடைக்காலத்தில் குறிப்பிட்ட நாட்களில் பூங்கா நிர்வாகம் குடும்பத்தாரைப் படகில் அழைத்துப் போகிறது. வயதானவர்களும் போவார்கள், கல்லறைகளைப் பெருக்கிப் பூ வைப்பார்கள், ஜெபம் செய்து பாட்டுப் பாடிச் சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புவார்கள். டெக்கரேஷன் டே என்று பெயர். இரண்டு மூன்று கற்கள் மட்டும் உள்ள குடும்பக் கல்லறைகள் பழைய தாளில் இராது. அவற்றுக்கு வீட்டுச் சதுரத்தை முதலில் கண்டுபிடித்து, அதற்கு மேலே உள்ள தோளைப் பாருங்கள்.

இடப்பெயர்கள் புரியவில்லையே. பிராங், ஃபோர்க், லிக் என்றெல்லாம் வருகிறது?

கிளை ஓடையை பிராஞ்ச், ஃபோர்க், பிராங் என்று பலவாறு சொல்வார்கள். லிக் என்றால் விலங்குகள் உப்பு நக்க வரும் இடம். கேப் என்பது மலைமுகட்டின் தாழ்ந்த இடைவெளி, பாதை கடக்கும் இடம். ஹேசல் கிரீக்கின் கிளையான போன் வேலி, அதாவது எலும்புப் பள்ளத்தாக்கு, காலம் தப்பி வந்த பனிப்புயலில் அங்கே மேய்ந்த மாடுகள் மடிந்ததால் பெற்ற பெயர் என்பார்கள்.

1890-ல் அமைந்த அமெரிக்க இடப்பெயர் வாரியம் ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் மேற்குறியை (அபாஸ்ட்ரஃபி) வரைபடப் பெயர்களில் பொதுவாக விட்டுவிடச் சொல்கிறது. சைலர் என்பவருடைய மலை என்று காட்டும் குறி இல்லாமல் 'சைலர்ஸ் பால்ட்' என்று அச்சாவது அதனால்தான். குடும்பத்தார் எழுதிவைத்த குறிப்பில் குறியோடு இருக்கும், தேடும்போது இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

செரோக்கி மக்களின் பெயர்களும் தாளில் உண்டு: நாந்தஹாலா, டக்கசீஜி, டஸ்கீகி. 1838-ல் அந்த மக்களில் பெரும்பாலோரை அரசு மேற்கே துரத்தியது. அப்புறம் வந்த அளவையாளர்கள் அவர்கள் வைத்த பெயர்களை அச்சிட்டார்கள். பூங்காவின் மிக உயர்ந்த சிகரம், 6,643 அடி, 1859 முதல் கிளிங்மன் என்ற அரசியல்வாதியின் பெயரில் இருந்தது. 2024 செப்டம்பரில் அதற்கு அதன் செரோக்கிப் பெயரான குவோஹி திரும்பக் கிடைத்தது. ஆகவே பழைய தாளில் தேடும்போது கிளிங்மன்ஸ் டோம் என்றே தேட வேண்டும்.

இந்தத் தாள்கள் எங்கே கிடைக்கும்? பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். யுஎஸ்ஜிஎஸ் தன் பழைய தாள்களை ஸ்கேன் செய்து டோப்போவியூ என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1884 முதல் 2006 வரை, 1,70,000-க்கும் மேற்பட்டவை. காப்புரிமையும் இல்லை. இடத்தைச் சொடுக்கினால் அந்த இடத்துக்குரிய எல்லாப் பதிப்புகளும் ஆண்டு வரிசையில் வரும்.

பழைய தாளின் புள்ளியை ஜிபிஎஸ்ஸில் போட்டுப் போய்ப் பார்க்கலாமா?

தளத்தில் கிடைக்கும் கோப்புகளில் ஜியோடிஃப் வகையை (இடக்குறிப்பும் சேர்ந்த படக்கோப்பு) எடுத்து, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் இன்றைய தாளின் மேல் வைத்துப் பாருங்கள். ஓடைச் சந்திப்புகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள், சாலைகளைவிட அவை நம்பகமானவை. 1927-ன் ஆதார முறையில், அதாவது இடங்களின் நிலையைக் கணக்கிட அப்போது அடிப்படையாக வைத்த அளவீட்டில், வரைந்த தாளின் யுடிஎம் கட்ட எண்களை (இடத்தை மீட்டரில் சொல்பவை) படித்து இன்றைய கருவியில் அப்படியே இட்டால் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும், கருவியில் ஆதார முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். 1:125,000 தாளில் மெல்லிய பேனா முனை அளவே நிலத்தில் பல பத்து மீட்டர் என்பதையும் மறக்க வேண்டாம்.

நடப்பதற்கு இன்றைய வரைபடத்தைத்தான் எடுத்துப் போக வேண்டும். பழைய பாதை ஏரிக்குள் போகும், பாலங்கள் இல்லை, திசைகாட்டிக்கான காந்த விலக்கமும் (முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு) மாறிவிட்டது. அங்கே கிடக்கும் பாத்திரத் துண்டோ இரும்போ எதையும் எடுக்காதீர்கள், பூங்கா நிலத்தில் அது சட்டப்படி குற்றம்.

வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்யட்டும்?

நாந்தஹாலா தாளைத் திறந்து, லிட்டில் டென்னசி ஆற்றோரம் தடித்த 1,500 அடிக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து மேலே இரண்டாவது மெல்லிய கோடு 1,700 அடி. ஏரி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் ஏறக்குறைய அதுதான். அந்தக் கோட்டைப் பென்சிலால் நிதானமாகத் தொடருங்கள், ஒவ்வோர் ஓடைக்குள்ளும் நுழைந்து வெளியே வாருங்கள். ஹேசல் கிரீக் முகத்துவாரத்தில் உள்ளே போய்த் திரும்பும்போது உங்கள் கை வரைந்திருப்பது, 1944-க்குப் பிறகு வந்த கரையின் வடிவம். பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள கருப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.